தலைமடை ரத்தம்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தழும்பைத்தான் காட்டச் சொல்கிறார்கள். பெண்கள் என்றால் கதவைச் சாத்திவிட்டுக் காட்டுகிறேன். நெஞ்சுக்குழிக்குக் கீழிருந்து தொப்புள் வரை ஒரே கோடு. பார்த்துவிட்டு, "வலிச்சுதுங்களா?" என்பார்கள். வலித்தது என்பேன். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து வாரத்தில் வலியைவிடப் பெரிய சங்கதி ஒன்று நடந்தது. அதை யாரும் கேட்பதில்லை, வாயால் சொல்ல எனக்கும் வெட்கம். எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறையும் என்று தோன்றுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே கால்வாய்த் தண்ணீரில் நெல்லும் கடலையும் போடுகிறவர்கள். நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். தலை வலித்தால் மூளைக்காய்ச்சல் என்பேன், காலில் முள் குத்தினால் காலையே எடுத்துவிடுவார்கள் என்று அழுவேன். இப்படி இல்லாத நோய்க்கெல்லாம் பயந்து பயந்து, நிஜமான நோய் வந்தபோது வீட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாசி மாதம், நாலு வாய் களி உள்ளே போனதும் வயிறு நிரம்பிவிட்டது போல் ஆகும். அப்புறம் எரியும். சீரகத் தண்ணீர் குடித்தேன், சோடா குடித்தேன். கொழிஞ்சாம்பாறை டாக்டர் ஒரு வெள்ளை மருந்து கொடுத்தார். பங்குனியில் மலம் தார் போலக் கறுத்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போன மாசம் இருதய நோவுன்ன. இந்த மாசம் இதுவா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சித்திரையில் கடலைக் காட்டில் களை எடுக்கும்போது கண் இருட்டி விழுந்தேன். விழுந்ததைப் பார்த்துத் தூக்கியது சரசு. அவள் என் கொழுந்தனார் பெண்டாட்டி, என் ஓரகத்தி. அவளைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்வது விளங்காது.

மாமனார் போன பிறகு நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பங்கு வைப்பது அண்ணன், முதலில் எடுப்பது தம்பி. அண்ணன் தனக்கு நல்லதாக ஒதுக்கிக்கொள்ளாமல் இருக்க அப்படி. என் வீட்டுக்காரர் எல்லைக்கல்லைக் கணக்காக எண்ணி நட்டு இரண்டு பங்கு சமமாகத்தான் வைத்தார். ஆனால் வாய்க்கால் சமமாக இருக்குமா? கொழுந்தனார் தலைமடையை எடுத்துக்கொண்டார். கடைமடை எங்களுக்கு வந்தது. கால்வாய்த் தண்ணீர் முறை வைத்து வருகிற நாளில் முதலில் சரசு காடு குடிக்கும், மிச்சம் சொச்சம் எங்கள் காட்டுக்கு வரும். அவள் நாற்று ஒரு சாண் நிற்கும்போது எங்களுடையது நாலு விரல். இது பதினோரு வருஷக் கதை. போதாததற்கு அவள் பத்தாம் வகுப்பு படித்தவள், நிறமும் என்னைவிடக் கூட, அவள் அரைத்தால் குழம்பு மணக்கும். ஒருநாளும் அவள் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. 'அக்கா, அக்கா' என்பாள். எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பாலக்காட்டு டவுன் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்துதான் எல்லாச் சோதனையும் முடிந்தது. சுண்ணாம்பைக் கரைத்தது போல ஒன்றை ஒரு பெரிய டம்ளர் குடிக்கச் சொல்லி, குடிக்கக் குடிக்க எக்ஸ்ரே எடுத்தார்கள். பேரியம் என்று பேர். அந்த வெள்ளை, வயிற்றில் எங்கே போகிறது, எங்கே போகாமல் சுற்றிக்கொண்டு நிற்கிறது என்று படத்தில் தெரியுமாம். என் படத்தில் வயிற்றின் அடிவாயில் ஓர் இடம் எலி கடித்தது போலக் குறைந்திருந்தது. அங்கே வெள்ளை போகவில்லை, வேறெதுவோ உட்கார்ந்திருந்தது. விரலைக் குத்தி எடுத்த ரத்தம் தண்ணீர்போல இருந்தது. பாதி ரத்தம்தான் உடம்பில் இருக்கிறது, அன்றைக்கே சேர்த்துக் கட்டில் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

"வெறும் புண்ணுதான். அறுத்தா சரியாயிரும்" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் என்னைத் திட்டவேயில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் வார்டுக்குச் சின்ன டாக்டரம்மா ஒருவர் வருவார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், முப்பது வயது இருக்கலாம், கக்கத்தில் எப்போதும் ஒரு தடிப் புத்தகம். அவர் என் நாடியைப் பிடித்தபோது கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டேன். "இது புத்துங்களா?"

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "உங்காத்துக்காரர் சொல்ல வேண்டாம்னார். ஆனா நீங்க நேரா கேக்கறேள், நான் பொய் சொல்லமாட்டேன். அப்படித்தான் தோண்றது. வயித்தைத் திறந்து பாத்தாத்தான் நிச்சயம்."

அழுகை வரவில்லை. பதினைந்து வருஷமாக வரும் வரும் என்று பார்த்திருந்த ஆள் கடைசியில் வாசலில் வந்து நின்றது போல இருந்தது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"நான் ரெண்டு மாசமா ஒண்ணும் திங்கறதில்லீங்களே. அது மட்டும் எதைத் தின்னு வளருதுங்க?"

டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "இதைத்தான் இப்போ பெரிய பெரிய டாக்டர்கள்லாம் கேட்டுண்டிருக்கா, கேட்டேளா" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கட்டி கடுகளவு இருக்கும்போது அக்கம்பக்கத்து ஈரத்தை உறிஞ்சியே பிழைத்துக்கொள்ளும். அதற்கு மேல் பெருக்க வேண்டுமானால் தனக்கென்று ரத்தக்குழாய் வேண்டும். அதனால் பக்கத்தில் ஓடுகிற நல்ல குழாய்க்குச் சேதி அனுப்புகிறது. அந்தக் குழாயிலிருந்து புதுக்கிளை முளைத்துக் கட்டிக்குள் வந்து பாய்கிறது. நான் சாப்பிடாவிட்டால் என்ன, என் ரத்தம் நேரே அங்கே போகிறது.

"அதைத் தடுக்க உடம்புல யாரும் இல்லீங்களா?"

"இருக்கா. வெள்ளை அணுன்னு பேர். காவல்காரா மாதிரி. வெளியாள் யார் உள்ளே வந்தாலும் அடிப்பா, அழுகினதைத் தின்பா. கட்டிக்குள்ளயும் கூட்டமா போறா. ஆனா..." என்று நிறுத்தினார். "உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்."

"சொல்லுங்க. சொல்லாட்டி நான் அதைவிட மோசமா நெனச்சுக்குவனுங்க."

சிரித்துவிட்டுச் சொன்னார். கையில் வெட்டுப்பட்டால் அங்கே புதுக்குழாய் முளைக்க இந்தக் காவல்காரர்கள்தான் உதவி செய்கிறார்களாம், அப்போதுதான் புண் ஆறும். கட்டிக்குள் போகிறவர்களும் அதை ஆற வேண்டிய புண் என்று நினைத்துக்கொண்டு, புதுக்குழாய்க்கு வழி பண்ணிக் கொடுத்துவிடுகிறார்களோ என்று இப்போது சிலருக்குச் சந்தேகமாம். எல்லாரும் இல்லை, சிலபேர். "இன்னும் முடிவானதில்லை. நாளைக்கே வேற மாதிரி சொன்னாலும் சொல்லுவா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு எழுந்தார்.

முடிவானதில்லை என்பது என் காதில் ஏறவில்லை. எங்கள் ஊரில் வாய்க்காலுக்கு வைத்த காவல்காரனே கரையை வெட்டித் தண்ணீர் விட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மறுநாள் கேட்டால் எலி வளை என்பான். வயிற்றுக்குள்ளும் அதுவேதான் நடக்கிறது என்று எனக்குச் சந்தேகமில்லாமல் ஆகிவிட்டது.

பெரிய டாக்டர் மலையாளி, அதிகம் பேசமாட்டார். வயிற்றின் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைக்க வேண்டும், இரண்டு குப்பி ரத்தம் தயாராக இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் ரத்தம் நெகட்டிவ் என்கிற வகை, நம் பக்கத்தில் அபூர்வமாம். கோயமுத்தூரிலிருந்து யாரோ கொடுத்த ஒரு குப்பி வந்து ஐஸ் பெட்டியில் இருந்தது. இன்னொன்று வேண்டும். வீட்டுக்காரர் கையைக் குத்திப் பார்த்தார்கள், சேரவில்லை. என் தம்பி வந்தான், சேரவில்லை. கொழுந்தனாருக்கு ஊசியைப் பார்த்ததும் வேர்த்துக் கொட்டியது, அவருக்கும் சேரவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூக்குப்போசியோடு சரசு வந்து நின்றாள். தினமும் பதினொரு மணி பஸ்ஸில் வீட்டுக்காரருக்குச் சோறும் எனக்குக் கஞ்சியும் கொண்டுவருவாள். மலையாளத்துச் சிஸ்டர் சும்மா, "இவரையும் நோக்காம்" என்று கையை இழுத்துக் குத்தினாள். அரை மணி கழித்து ஓடிவந்தாள். "சேச்சி, சேர்ந்நு! சேர்ந்நு!"

வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டது. கொழுந்தனார் என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவார். "நங்கை, சாமி கண்ணத் தொறந்துருச்சுங்க" என்றார். சரசு தூக்குப்போசியைக்கூடக் கீழே வைக்காமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று உள்ளபடி எழுதிவிடுகிறேன். தலைமடை அவளுக்கு, நிறம் அவளுக்கு, கைப்பக்குவம் அவளுக்கு. நான் கட்டிலில் கிடக்கிறேன், அவள் நிற்கிறாள். என் வீட்டுக்காரர் இரண்டு வாரம் அவள் சோற்றைத் தின்று கன்னத்தில் சதை போட்டிருக்கிறார். இப்போது என் உயிரும் அவள் கொடுத்து நான் வாங்க வேண்டுமா? ஊரெல்லாம் சொந்தக்காரர்கள் இருக்க, கடவுள் அந்த ரத்தத்தை அவளுக்குள்தானா வைக்க வேண்டும்?

"அவ ரத்தம் எனக்கு வேண்டாம்" என்றேன்.

எல்லோரும் திகைத்தார்கள். ஏன் என்று கேட்டபோது காரணம் தயாராக இருந்தது. அவள் ரத்தத்திலும் வெள்ளை அணு இருக்கும், அது உள்ளே போய்க் கட்டிக்கு வாய்க்கால் வெட்டும் என்றேன். வாயால் சொன்னபோது எனக்கே அது முழு நியாயமாகப் பட்டது. தலைமடைக்காரி ஆள் எப்போதாவது கடைமடைக்குப் பரிந்து வேலை செய்திருக்கிறானா?

"ஏம்புள்ள, புத்தி பெரண்டு போச்சா உனக்கு?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீட்டுக்காரர் கத்தினார். பெரிய டாக்டர் சேதி கேட்டு வந்து, என்னையும் சீட்டையும் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டார். புதன்கிழமை எனக்கு வைத்திருந்த முறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை கறுப்பாக வாந்தி எடுத்தேன். வெள்ளிக்கிழமை எழுந்து உட்கார முடியவில்லை. கோயமுத்தூர்க் குப்பியும் சும்மா வைத்திருந்தால் கெட்டுப்போகும், இன்னும் நாலைந்து நாள்தான் தாங்கும் என்று சிஸ்டர் சொன்னாள். சாகப்போகிறேன் என்று நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் பயந்தவள், அந்த மூன்று நாளும் பயப்படாமல் கிடந்தேன். பொறாமைக்கு அவ்வளவு பலம் உண்டு என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தப்பு என் மேல. பாதி சொல்லிட்டுப் போயிட்டேன்" என்றார். "ஒண்ணு கேக்கறேன். கோயமுத்தூர்க் குப்பி வேண்டாம்னு நீங்க சொல்லலையே?"

"இல்லீங்க."

"அதுல வெள்ளை அணு இருக்காதா? அது வாய்க்கால் வெட்டாதா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"குப்பியில வர்ற வெள்ளை அணு விருந்தாளி மாதிரி. ரெண்டு நாள், மூணு நாள், அதுக்குள்ள செத்துப் போயிடும். கட்டிக்குள்ள குடியிருந்துண்டு வழி பண்றது உண்டுன்னா, அது உங்க சொந்த ஆளாத்தான் இருக்கும். அடுத்தாத்து ஆள் இல்லை."

அவர் போன பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கட்டிக்குத் தண்ணீர் பாய்ச்சியது என் ஆட்கள். என் சோறு தின்று என்னுள்ளே பிறந்தவர்கள். சரசு மேல் பழி போட ஒரு துரும்பும் மிச்சமில்லை. ஆனாலும் மனசு இறங்கவில்லை. முன்பாவது ஒரு காரணம் இருந்தது, இப்போது காரணமில்லாமலே வேண்டாம் என்றிருந்தது.

பதினொரு மணி பஸ்ஸில் சரசு வந்தாள். தூக்குப்போசியை அலமாரி மேல் டங்கென்று வைத்தாள். அவள் எதையும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

"நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்குவீங்களாக்கா?"

"கேளு."

"என்ற ரத்தம் உங்களுக்குப் பீயாட்டம் இருக்குதுங்களா?"

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"உங்க மேல பாசம் பொங்கி வழிஞ்சு நான் குடுக்க வரலீங்க்கா. பதினோரு வருசமா நீங்க என்னையப் பாக்கற பார்வை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? தலைமடைய நான் கேட்டு வாங்கினனா? எங்கூட்டுக்காரரு எடுத்தாரு. நீங்க எங்க காட்டைத் தாண்டிப் போறப்பெல்லாம் நாத்தப் பாத்துப் பெருமூச்சு உட்டுட்டுத்தான் போவீங்க. நாத்துக் கருகிருமோன்னு எனக்கு அடிவயித்துல பயம்."

"அப்பறம் எதுக்குடி குடுக்க வந்த?"

"சோறாக்கி மாளலீங்க. மச்சாண்டாருக்கு வாய் நொம்ப ருசி கண்டு போச்சு." மச்சாண்டார் என்றது என் வீட்டுக்காரரை. "நேத்து ராத்திரி கொள்ளுப்பருப்பு கடஞ்சேன். ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப்போட்டு, 'எங்கூட்டுல இத்தன வருசத்துல ஒரு நாளும் இப்பிடி வாச்சதில்ல சரசு'ன்னாரு. நீங்க போய்ச் சேருங்க. எனக்கென்ன? ஒரு பிடி அரிசி கூடப் போட்டா ஆச்சு. ஆயுசுக்கும் எங்கூட்டுலயே உக்காந்து சாப்பிடட்டும். ரெண்டு வருசத்துல உங்க குழம்பு எப்பிடி இருந்துச்சுன்னே அவருக்கு மறந்துரும்."

அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது சுட்டது. கொள்ளுப்பருப்பு! அந்த மனுஷனுக்குப் பூண்டு தட்டிப் போட்டு நான் கடையாத கொள்ளா? மூன்று நாளாகத் தூக்க முடியாத தலையைத் தூக்கினேன்.

"சிஸ்டரக் கூப்புடு" என்றேன்.

"எதுக்குங்க?"

"கூப்புடுன்னா கூப்புடு. உன்ற ரத்தத்த எடுக்கச் சொல்லு. நான் ஊட்டுக்குப் போகோணும்."

சரசு மாராப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அழுதாளா சிரித்தாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

அன்று மத்தியானமே அவள் ரத்தத்தைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து என் தலைக்கு மேல் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ரப்பர்க் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. என் ரத்தத்தைவிட அவளுடையது நல்ல சிவப்பு. அதையும் கவனித்தேன். சில்லென்று கை வழியாக ஏறி, தோளுக்கு வந்து, அப்புறம் தெரியாமல் போய்விட்டது. "பேடிக்கண்டா அம்மே", பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். திங்கட்கிழமை கோயமுத்தூர்க் குப்பியையும் வைத்துக்கொண்டு அறுத்தார்கள்.

அதற்குப் பிறகு பத்து நாள் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்கில் குழாய். வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, உதட்டில் நனைத்த பஞ்சு மட்டும். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு இருமினேன். வீட்டுக்காரர் ஒரு ஜோடி மாட்டை விற்றார் என்பது பிறகுதான் தெரியும். எந்த ஜோடி என்று கேட்கவில்லை, கேட்டால் தூக்கம் போய்விடும். அவர் பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பனை விசிறியால் ஈ ஓட்டினார். அவர் காசில்லாமல் கொடுத்தது அதுதான், அதை நான் மறக்கமாட்டேன்.

ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பார்க்க வந்தார்கள். எனக்குத் தூரத்தில் நின்று கும்பிடு. சரசுவைச் சுற்றித்தான் கூட்டம். "அம்மா தாயே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே? எளனி குடி. முட்டை குடி" என்று அவளுக்கு முட்டை உடைத்துக் கொடுத்தார்கள். வயிறு அறுபட்டது எனக்கு, மவுசு அவளுக்கு. கட்டிலில் கிடந்தபடி அதையெல்லாம் பார்த்து எரிந்தேன். எரிகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம்.

நடக்க ஆரம்பித்த பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க, சரசு கடஞ்ச கொள்ளு அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"எந்தக் கொள்ளு?" என்றார். அவர் முகத்தை நன்றாகத்தான் பார்த்தேன். நிஜமாக மறந்தாரா, நடித்தாரா, அவள் சொன்னதே புளுகா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டதாகவும், பக்கத்து முடிச்சு ஒன்றில் மட்டும் சந்தேகம் இருந்து அதையும் சேர்த்து எடுத்ததாகவும் சொன்னார்கள். இனி வராது என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, தடவைக்கு ஒரு கை அளவுதான் சாப்பாடு.

போன வாரம் மூன்றாம் மாதச் சோதனைக்குப் போனேன். துணைக்கு வீட்டுக்காரர் வருவதாக இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் முறை வந்துவிட்டதால் சரசு வந்தாள். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, "நன்னா இருக்கேள்" என்றார். சரசு மருந்துச் சீட்டோடு வெளியே போனதும், ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானுங்களே. அவளுக்கு ஒரு அவசரம்னா நான் குடுக்கலாமுங்களா? உடம்பு தேறினப்பறம் சொல்றன். ஒரு குப்பி."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இல்லை. இந்த வியாதி வந்தவா ரத்தத்தை யாருக்கும் எடுக்கமாட்டோம். எப்பவுமே."

"திருப்பிக் குடுக்கவே முடியாதுங்களா?"

"முடியாது. அதை மனசுலேர்ந்து எடுத்துடுங்கோ."

எடுக்க முடிகிற இடத்தில் அது இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் குறைவு. சித்தூர் தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். "உனக்கு ஒண்ணுன்னா என்ற ரத்தம் ஆகாதாம். டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

சரசு மருந்துப் பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, "அப்ப எனக்கு ஒண்ணும் வராமப் பாத்துக்கறனுங்க. நீங்க அதுக்கும் சேத்திப் பயந்துட்டு உக்காராதீங்க்கா" என்றாள்.

அவளைப் பார்த்து அப்படி ஒரு ஆறுதல் வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும், பதினோரு வருஷத்தில் ஒரு தடவையாவது. அதையும் அவளே முந்திக்கொண்டாள். ஊர் வரும்வரை எனக்கு அந்த எரிச்சல் தீரவில்லை. இறங்கும்போது படியில் அவள் கை நீட்டினாள். பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.